வேங்கடத்து அடிவாரத்தில் சங்க காலம்: வீட்டுக்கல்விக்கு ஓர் ஆறு வாரப் பாடத்திட்டம்

பண்டைய நாகரிகம் என்று பாடம் எடுக்க உட்காரும் பெற்றோர் பலர் எகிப்தின் பிரமிடுகளில் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆந்திராவின் பாகாலாவில் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கண்ணெதிரே இருக்கிறது. இங்கிருந்து திருப்பதி நாற்பது கிலோமீட்டர்தான். அந்த மலைதான் சங்கப் புலவர்கள் பாடிய வேங்கடம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு அதுவே வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறும் என்று சங்கப் பாடல்கள் பல இடங்களில் குறிப்பிடுகின்றன. உங்கள் பிள்ளை தினமும் இரண்டு மொழிகளுக்கு நடுவே நடமாடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் என்பதை அறியும் பிள்ளை வரலாற்றைத் தன் வீட்டுச் சங்கதியாகப் பார்க்கத் தொடங்கும்.

சங்க காலத் தமிழகத்தை ஆறு வாரங்களில் நடத்துவதற்கான திட்டத்தை இந்த அத்தியாயம் தருகிறது. வாரத்துக்கு மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வரலாறு, இலக்கியம், புவியியல், சற்றுக் கணக்கு, சற்று அறிவியல் எல்லாம் இதற்குள் அடங்கும். எட்டு வயது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்தலாம். எழுத்து வேலையை மட்டும் வயதுக்கேற்ப மாற்றுங்கள்.

திட்டத்தின் முதுகெலும்பு

ஒரு நாகரிகத்தை முழுதாகச் சொல்லித் தந்துவிட வேண்டும் என்று முயலாதீர்கள். மூவேந்தர் பெயர்கள், தலைநகரங்கள், கொடி, பூ என்று பட்டியல் போட்டால் பிள்ளை மனப்பாடம் செய்யும். அடுத்த மாதமே மறந்துவிடும். அதற்குப் பதில் ஒரே கேள்வியை ஆறு வாரமும் கேளுங்கள்: ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’

இந்தக் கேள்விக்குச் சங்க காலம் மிகப் பொருத்தமானது. அதை நமக்குச் சொல்லும் சான்றுகள் நான்கு வகைப்படும். முதலாவது பாட்டு: எட்டுத்தொகையிலும் பத்துப்பாட்டிலும் சேர்த்து 2,381 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டாவது கல்வெட்டு. மூன்றாவது மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருள்கள். நான்காவது கிரேக்கரும் ரோமரும் எழுதி வைத்த குறிப்புகள். ஒரு சான்று சொல்வதை இன்னொன்று உறுதிப்படுத்துகிறதா, மறுக்கிறதா, அல்லது அதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று பார்ப்பதே வரலாற்றாசிரியரின் வேலை. அந்த வேலையைப் பிள்ளையே செய்து பார்க்கட்டும்.

ஒரு தடித்த நோட்டு வாங்கிச் ‘சான்று நோட்டு’ என்று பெயரிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: என்ன சொல்கிறோம், எந்தச் சான்றால் சொல்கிறோம், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். ஆறு வார முடிவில் இந்த நோட்டுதான் உங்களுக்குத் தேர்வுத்தாள்.

முன் தயாரிப்பு

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் சங்க நூல்கள் உரையுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. உ.வே. சாமிநாதையர் 1894இல் முதன்முதலில் அச்சிட்ட புறநானூற்றில் நான்கைந்து பாடல்களை மட்டும் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் படித்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லை. இவை போக ஒரு தென்னிந்திய வரைபடம், முப்பது மீட்டர் கயிறு, பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஈர மண், பெயின்ட் அடிக்கும் பழைய பிரஷ், அளவுகோல். இவ்வளவு போதும்.

முதல் வாரம்: எங்கே, எப்போது

முதல் அமர்வில் வரைபடத்தில் பாகாலாவைக் குறியுங்கள். பிறகு வேங்கடம், குமரி, மதுரை, கொற்கை, முசிறி, காவிரிப்பூம்பட்டினம், சங்க கால அரசன் அதியமானின் தகடூர் ஆகியவற்றைக் குறியுங்கள். தகடூர் இன்றைய தருமபுரி. இந்த ஊர்களில் பாகாலாவுக்கு எது அருகில், எது தொலைவில் என்று பிள்ளையே அளந்து சொல்லட்டும்.

இரண்டாம் அமர்வு கயிற்றுக்கு. ஒரு மீட்டர் என்பது நூறு ஆண்டு. கயிற்றின் ஒரு நுனி இன்று. ஒன்றேகால் மீட்டர் தள்ளி ஒரு துணியைக் கட்டுங்கள். பாகாலாவிலிருந்து தர்மாவரத்துக்கு ரயில் பாதை வந்த 1890கள் சற்றேறக்குறைய அங்கேதான். சித்தூர் மாவட்டம் உருவான 1911ஆம் ஆண்டு அதற்குச் சற்று இப்பால். அசோகன் கல்வெட்டு பொறித்த பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) மூன்றாம் நூற்றாண்டு இருபத்துமூன்று மீட்டர் அருகே வரும். மூன்றாம் வாரம் பார்க்கப்போகும் கீழடியில் கிடைத்த பொ.ஆ.மு. 580 என்ற காலக்கணிப்பு இருபத்தாறு மீட்டரில். வீட்டுக்குள் இடம் போதாது. தெருவுக்கோ மைதானத்துக்கோ போங்கள். கயிற்றோடு நடந்து பார்த்த பிள்ளைக்கு ‘இரண்டாயிரம் ஆண்டு’ என்பது வெறும் சொல்லாக இருக்காது.

மூன்றாம் அமர்வில் வேங்கடத்தைப் பற்றிய பாடல் குறிப்புகளைச் சொல்லுங்கள். கள்வர் தலைவன் புல்லி ஆண்ட மலையாக அகநானூறு இதைக் காட்டுகிறது. புறநானூற்றில் கள்ளில் ஆத்திரையனார் பாடிய ஆதனுங்கன் வேங்கடத்துத் தலைவன். ‘ஆதன்’ என்ற பெயரை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான்காம் வாரம் அது மீண்டும் வரும்.

இரண்டாம் வாரம்: நிலமும் சோறும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணையை ஒப்பிக்க வைக்கும் முன் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லுங்கள். பாகாலாவைச் சுற்றிலும் குன்றுகள், குன்றுகளுக்குக் கீழே ஆடுமாடு மேயும் காடு, ஏரிப் பாசனத்தில் நெல் வயல். மூன்று திணைகளை ஒரே நடையில் பார்த்துவிடலாம். கோடையில் அதே காடு காய்ந்து பாலையாகத் தெரிவதையும் பிள்ளையே கண்டுகொள்ளும். நெய்தல் மட்டும் இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதே நல்ல புவியியல் கேள்வி.

அடுத்த அமர்வு சமையலறையில். அன்றைய சமையலுக்கான பொருள்களை வரிசையாக வைத்து, இவற்றில் எவை சங்க காலத்தவருக்குக் கிடைத்திருக்கும் என்று கேளுங்கள். மிளகாய், தக்காளி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு நான்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் வந்தவை. மதனப்பள்ளி சந்தையில் தக்காளி குவிவதையும் சுற்றுவட்டாரத்தில் கடலை விளைவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய வியப்பாக இருக்கும். நெல், தினை, வரகு, மிளகு, மா ஆகியவை அன்றும் இருந்தன. காரத்துக்கு மிளகு மட்டும் போட்டு, தக்காளி இல்லாமல் ஒரு வேளை சமைத்துப் பாருங்கள்.

மூன்றாம் அமர்வுக்குக் கரும்பு. சித்தூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் பல உண்டு. கரும்பாட்டும் பருவத்தில் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். பாடல் சொல்வதால் மட்டும் இது நடந்த வரலாறு ஆகிவிடுமா? புலவர் தம் அரசனைப் புகழ்ந்து பாடும்போது சொன்னது இது. நோட்டின் மூன்றாம் பத்தியில் ‘பாட்டுச் சான்று மட்டும்’ என்று எழுதும் பழக்கம் இங்கே தொடங்கட்டும்.

மூன்றாம் வாரம்: மண்ணுக்குள்

இந்த வாரம் கீழடி. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையையொட்டி இந்தியத் தொல்லியல் துறை 2014–15இல் அகழாய்வைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்து நடத்தியது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய், பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் கணித்ததை 2019இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

தொட்டியை எடுங்கள். அடியில் ஓர் உடைந்த மண்பானை ஓடும் கரித்துண்டும், அதன்மேல் மண், பிறகு ஒரு பழைய பித்தளைச் சாமான், அதன்மேல் மண், பிறகு ஒரு பழைய நாணயம், கடைசியில் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. பிள்ளைக்குத் தெரியாமல் தயார் செய்யுங்கள். பிள்ளை கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மெல்ல மெல்லத் தோண்டி, ஒவ்வொரு பொருளும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுத வேண்டும். வெளியே எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே வரைய வேண்டும். அவசரமாகக் கிளறினால் எது எதற்குக் கீழே இருந்தது என்ற செய்தி அழிந்துபோகும். தொல்லியலில் பாதி அறிவு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்லித் தாருங்கள்: உண்மையான பழைய மேட்டில் நாமாகத் தோண்டக் கூடாது, பானை ஓடு பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பார்த்தால் படம் எடுத்து, இடம் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. சித்தூர் வட்டாரத்தில் பலகைக் கற்களால் ஆன பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உண்டு; தெலுங்கில் பாண்டவ குள்ளு என்பார்கள். புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டியே இப்படிப்பட்ட பல சின்னங்கள் சிதைந்துபோயின.

அறிவியல் அமர்வுக்கு இரண்டு செய்திகள். ஒன்று, உயிர் நின்றபின் உடலில் உள்ள கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கே காலக்கணிப்பு. மற்றது, சங்க கால ஊர்களில் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானை. பானையைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்கும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் கருப்பாகும். வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். பக்கத்தில் குயவர் சூளை இருந்தால் போய்க் கேளுங்கள். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் கீழடியில் கிடைத்துள்ளன. தொக்குடு பில்ல (பாண்டியாட்டம்) ஆடும் பிள்ளைகளுக்கு அவை எதற்கு என்று விளக்க வேண்டியதே இல்லை.

நான்காம் வாரம்: எழுத்து

ஆறு வாரங்களில் செறிவானது இதுதான். தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமி எழுத்தைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கற்றுவிடுவார்கள். தங்கள் பெயரை எழுதட்டும். ஈரக் களிமண் தகட்டில் ஆணியால் கீறட்டும். பிறகு கீழடிப் பானை ஓட்டில் உள்ள ‘ஆதன்’ என்ற பெயரின் படத்தைக் காட்டுங்கள். முதல் வாரத்தில் எழுதிய ஆதனுங்கனை நினைவூட்டுங்கள். வேங்கடத்துத் தலைவனும் வைகைக் கரைக் குடியானவனும் உறவா? அப்படிச் சொல்லச் சான்று இல்லை. தமிழகத்தின் தெற்கிலும் வடக்கிலும் ஒரே பெயர் புழங்கியது என்ற அளவில் நிறுத்த வேண்டும். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லப் பழகுவது இந்தப் பாடத்தின் பெரிய லாபம்.

அடுத்த இரு அமர்வுகளும் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு. மூன்று தாள்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்.

முதல் தாள்: அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு. சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்றொரு குடியையும் அது தென்னாட்டு அண்டை அரசுகளாகக் குறிக்கிறது. இந்தக் கல்வெட்டின் ஒரு பிரதி ஆந்திராவிலேயே, கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில் இருக்கிறது.

இரண்டாம் தாள்: புறநானூற்றில் ஔவையார் பாடும் அதியமான்.

மூன்றாம் தாள்: திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு. சத்தியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று அது சொல்கிறது.

சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் தேடினார்கள். ஜம்பைக் கல்வெட்டு கிடைத்தபின் விடை தெளிவாயிற்று. இந்த மூன்று தாள்களையும் வைத்துப் பிள்ளை தானே அந்த முடிவுக்கு வர வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒரு முழு அமர்வு போனாலும் காத்திருங்கள். கரும்புச் செய்தி வெறும் பாட்டில் நிற்கிறது, அதியமானோ பாட்டிலும் கல்லிலும் நிற்கிறான் என்ற வேறுபாட்டை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்து 2003இல் நூலாக்கினார் என்பதையும், அதற்கு அவர் பல பத்தாண்டு உழைத்தார் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வாரம்: கடலும் காசும்

இதை இரண்டே அமர்வில் முடிக்கலாம். வியன்னா நூலகத்தில் உள்ள பொ.ஆ. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் இருக்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ரோமப் பணம் போகிறது என்று பிளினி வருந்தி எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பிள்ளை முசிறி வணிகராகவும் இன்னொரு பிள்ளை எகிப்திலிருந்து வந்த மாலுமியாகவும் பேரம் பேசி நடிக்கலாம்.

ஆந்திரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தியும் இருக்கிறது. சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்தில் உள்ள மொழி தமிழ் என்றும், தமிழை ஒட்டிய திராவிட மொழி என்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். இருமொழி நிலத்தில் வாழ்வது புதிதல்ல என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று இது.

ஆறாம் வாரம்: பயணமும் கண்காட்சியும்

குடிமல்லம் போகாமல் இந்தப் பாடம் நிறைவாகாது. ரேணிகுண்டா வரை ரயிலில் போய், பாப்பாநாயுடுபேட்டை வழியாகச் சாலையில் போகலாம். ஸ்வர்ணமுகி ஆற்றை ஒட்டிய இந்த ஊரின் பரசுராமேசுவரர் கோயிலில் உள்ள லிங்கம் ஏறத்தாழ ஐந்து அடி உயரம். அதன் முன்பக்கத்தில் சிவன் உருவம்: ஒரு கையில் ஆடு, மறு கையில் கலயம், தோளில் மழு, காலடியில் குள்ள உருவம். பலர் இதைப் பொ.ஆ.மு. இரண்டு அல்லது ஒன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். பிற்பட்டது என்போரும் உண்டு. டி.ஏ. கோபிநாத ராவ் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1970களில் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது.

வழிபாடு நடக்கும் கோயில் இது. அலங்காரத்தில் உருவம் முழுதாகத் தெரியாமல் போகலாம். ஆகவே படத்தை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவறை, தரை மட்டத்துக்குக் கீழே இறங்கி இருப்பதையும், கோயிலின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருப்பதையும் பிள்ளைகள் கவனிக்கட்டும்.

பலமனேர், புங்கனூர் பக்கம் உறவினர் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஊர் எல்லையில் வீரகல்லு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவை பிற்கால நடுகற்கள். ஆனால் போரில் இறந்தவனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன; தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி நடுகற்கள் அந்த வழக்கத்துக்குக் கல்லிலேயே சான்று. குடிமல்லம் போக முடியாதவர்கள் காட்பாடி வரை ரயிலில் போய் வேலூர்க் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

கடைசி அமர்வில் வீட்டுக் கண்காட்சி. பிள்ளை செய்த களிமண் தகடு, அகழாய்வு வரைபடம், கயிறு, சான்று நோட்டு எல்லாவற்றையும் வைத்து, தமிழ் அறிந்தவருக்குத் தமிழிலும் அக்கம்பக்கத்தாருக்குத் தெலுங்கிலும் விளக்கட்டும். ஒரு செய்தியை இரண்டு மொழியில் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது உண்மையாகவே புரிந்திருக்கிறது.

வயதுக்கேற்ற எழுத்து வேலை

8 முதல் 10 வயது: வாரம் ஒரு படம், அதற்குக் கீழே ஐந்து வாக்கியம்.

11, 12 வயது: வாரம் ஒரு பக்கம். ஒரு கூற்று, அதற்கு இரண்டு சான்று.

13 முதல் 15 வயது: ஆறாம் வாரம் முடிய ஒரு கட்டுரை. கருத்து வேறுபாடு உள்ள ஒரு பொருளை எடுத்து இரு பக்கத்தையும் எழுத வேண்டும். குடிமல்லத்தின் காலம் ஒரு தலைப்பு. கீழடி அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டதையொட்டி எழுந்த விவாதம் இன்னொன்று. இந்த வயதுப் பிள்ளைகள் பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். தமிழ், தெலுங்கு இரண்டிலும் எழுத வாய்ப்புண்டு. சான்று காட்டி எழுதிப் பழகியவர்களுக்குச் சமூக அறிவியல் விடைத்தாள் கடினமாக இராது.

மதிப்பீடு

மதிப்பெண் வேண்டாம். ஆறு வாரம் முடிந்தபின் சான்று நோட்டைத் திறந்து மூன்றாம் பத்தியை மட்டும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘உறுதி’ என்று எழுதியிருந்தால் பிள்ளை இன்னும் மனப்பாடத்தில்தான் இருக்கிறது. நான்காம் வாரத்தை மறுபடி நடத்துங்கள். ‘உறுதி’, ‘வாய்ப்புண்டு’, ‘பாட்டில் மட்டும்’, ‘இன்னும் தெரியாது’ என்று பிரித்து எழுதியிருந்தால் பாடம் வென்றுவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழின் தொன்மை மீது நமக்குள்ள பெருமிதம் நியாயமானது. அந்தப் பெருமிதத்தையே பாடமாக ஊட்டாதீர்கள், சான்றை ஊட்டுங்கள். ஜம்பைக் கல்லையும் கீழடி ஓட்டையும் குடிமல்லத்து உருவத்தையும் தானே ஆராய்ந்து அறிந்த பிள்ளைக்குப் பெருமிதம் தானாக வரும். யார் வந்து கேள்வி கேட்டாலும் அது குலையாது. இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, மூன்று பத்தி போட்டு, முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.